எண்பத்தெட்டில் நின்ற முள்

எண்பத்தெட்டு. போன மாதமும் எண்பத்தெட்டு, அதற்கு முந்தின தடவையும் எண்பத்தெட்டு, இன்றைக்குச் செருப்பைக் கழற்றி, பெல்ட்டைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்த சாவிக்கொத்தையும் செல்போனையும் தங்கை லூர்து கையில் கொடுத்துவிட்டு, இருக்கிற மூச்சையெல்லாம் வெளியே விட்டுக்கொண்டு ஏறி நின்றபோதும் அந்தச் சிவப்பு முள் இப்படியும் அப்படியும் ஆடிப் பார்த்துவிட்டு அதே இடத்தில்தான் போய் உட்கார்ந்தது, சொந்த வீட்டுக்குத் திரும்பின மாடு மாதிரி. மூச்சுக்கு எடை உண்டா என்று தொம்மை யோசித்தான். உண்டு என்றுதான் மகளின் அறிவியல் புத்தகத்தில் போட்டிருக்கிறது, காற்றுக்கு எடை உண்டு, ஊதின பலூனையும் ஊதாத பலூனையும் குச்சியின் இரண்டு நுனியில் கட்டித் தொங்கவிட்டுப் படம்கூடப் போட்டிருந்தார்கள், ஆனால் மனசுக்கு எடை உண்டா என்று எந்தப் பாடத்திலும் இல்லை, அந்தக் கேள்வியை மச்சான் செல்வின்தான் கேட்டார், கேட்கவில்லை, சொன்னார், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எல்லாரும் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, பல்லைக் குத்திக்கொண்டே, "மச்சானுக்கு மனசு வந்துட்டுன்னா எடை தன்னால எறங்கும்." யாரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால் அது அங்கேயே பொசுங்கிப் போயிருக்கும். சிரிக்காததால் அது அன்றிலிருந்து தொண்டையில் சாளை மீன் முள்ளாகக் குறுக்கே நிற்கிறது, விழுங்கினாலும் போகவில்லை, காறினாலும் வரவில்லை.

பன்னிரண்டாம் நம்பர் டோக்கன். இப்போது உள்ளே ஏழு. உணவு ஆலோசனை என்று எழுதின கதவுக்கு எதிரே போட்டிருந்த இரும்புப் பெஞ்சில் லூர்து அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, முழங்கைக்கு மேலே சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள், அந்தக் கையில்தான் வாரத்துக்கு இரண்டு தடவை ஊசி குத்தி, இருக்கிற ரத்தத்தையெல்லாம் வெளியே எடுத்துக் கழுவி உள்ளே விடுகிறார்கள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது அவளுக்கு, நாற்பத்தியோரு வயதில். அவள் புருஷன் செல்வின் ஒன்றைக் கொடுக்க முடியாது, அவருக்குச் சர்க்கரை. தொம்மையின் ரத்தம் சேர்ந்தது, அதற்கு மேலே பார்க்கவேண்டிய பரிசோதனை எல்லாமும் சேர்ந்தது, டாக்டர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, ஒண்ணுதான் இடிக்குது, உங்க உயரத்துக்கு எடை கூடுதல், கொடுக்கிற உங்களுக்கே பின்னால ஆபத்து, எண்பத்திநாலுக்கு வாங்க, அப்புறம் தேதி சொல்றேன் என்றார். அப்போது தொண்ணூற்றிரண்டு. நாலு கிலோ மடமடவென்று இறங்கியது. பிறகு நின்றுவிட்டது. இன்னும் ஆறு வாரம் பார்க்கலாம், அதற்குள்ளே இறங்காவிட்டால் வேறு வழி யோசிக்கணும் என்றார் டாக்டர் போன தடவை, வேறு வழி என்னவென்று அவர் சொல்லவில்லை, லூர்துவும் கேட்கவில்லை, அந்தக் கையின் நரம்பு எத்தனை நாள் தாங்கும் என்பதையும் யாரும் யாரிடமும் கேட்கவில்லை. ஏழு நாளைக்குத் தின்றது குடித்தது ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு வரச் சொல்லி இங்கே அனுப்பினார்கள். எழுதியாகிவிட்டது. நாற்பது பக்க நோட்டு மடியில் இருக்கிறது. இரவு முழுக்க பேக்கரி அடுப்புக்கு முன்னால் நின்றுவிட்டு, குளித்து, தூத்துக்குடியில் ஏழரை பஸ்ஸைப் பிடித்துத் திருநெல்வேலி வந்து, உறக்கமில்லாத கண் இரண்டும் உப்புப் போட்டுத் தேய்த்த மாதிரி எரிய, அவன் அந்த நோட்டைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான்.

நல்ல சாப்பாடுதானே இது. எந்தக் கோர்ட்டுக்கும் கொண்டுபோகலாம். எதிர்ச் சுவரில் ஒரு தட்டின் படத்தை ஒட்டியிருக்கிறார்கள், பாதித் தட்டுக்குக் காய்கறி, கால் தட்டுக்குச் சோறு, கால் தட்டுக்கு மீனோ பருப்போ முட்டையோ, ஓரத்தில் ஒரு கிண்ணம் மோர், அந்தப் படத்தோடு தொம்மை தன் ஏழு நாளையும் வைத்து வைத்துப் பார்த்தான். திங்கள், காலை ஏழுக்குக் கேப்பைக் கூழ் ஒரு கிண்ணம், அவித்த முட்டை ஒன்று. பிறகு உறக்கம். மூன்று மணிக்கு ஒரு டம்ளர் அரிசியில் பாதி, அளந்து, அவரைக்காய்ப் பொரியல் கை நிறைய, சாளை அவியல் மூன்று, பொரிக்காதது. எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்புமுன் பாசிப்பயறும் கோதுமைத் தோசை ஒன்றும். ராத்திரி, சீனி போடாத கடுங்காப்பி இரண்டு. செவ்வாய் அதேதான், சாளைக்குப் பதில் சூடை மீன். வெள்ளிக்கிழமை மீன் கிடையாது, பருப்பு. காய் உண்டா, உண்டு. கீரை உண்டா, மூன்று நாள் உண்டு. பழம், கொய்யா. எண்ணெய், வீட்டில் ஒரு மாதத்துக்கு வாங்குவதில் பாதியாகக் குறைத்துவிட்டாள் அவன் பெண்டாட்டி, மருமகள் வந்தால்கூட இப்படி எண்ணெயை ஒளித்துவைக்கமாட்டாள். புரதம் இருக்கிறது, நார் இருக்கிறது, மாவுச்சத்து குறைத்தாகிவிட்டது. எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனால் பழைய புத்தகக் கடையில் அட்டை போன உடற்கூறு புத்தகம் வாங்கி, ஈரல் எங்கே இருக்கிறது, எண்ணெய் எங்கே கரைகிறது, சோறு எந்த இடத்தில் சர்க்கரையாகிறது என்று அடுப்பு காயும் நேரத்தில் மைதா மூட்டை மேல் உட்கார்ந்து படித்தவன், அவனுக்குத் தெரியும், இந்தச் சாப்பாட்டுக்கு எடை இறங்கியாகவேண்டும். தராசு பொய் சொல்கிறதா, உடம்பு பொய் சொல்கிறதா, நோட்டு பொய் சொல்கிறதா. நோட்டு சொல்லவில்லை. அந்தோணியார் கெபியில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு எழுதின நோட்டு. சனிக்கிழமை மகள் பிறந்தநாளுக்குத் தின்ற ஒரு கரண்டிப் பாயசத்தைக்கூட எழுதியிருக்கிறான், கரண்டியின் அளவைப் பக்கத்தில் வட்டமாக வரைந்துகூடக் காட்டியிருக்கிறான்.

அப்படியானால் உடம்புதான். உடம்பு பிடித்துவைத்துக்கொள்கிறது. கேட்காமலே ஒருத்தன் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு, நான் கொடுக்கமாட்டேன், எண்பத்தெட்டுக்குக் கீழே ஒரு பொட்டு இறங்கமாட்டேன், இறங்கினால் மேசையில் படுக்கவைத்து விலாவைக் கீறிவிடுவார்கள் என்று அடம் பிடிக்கிறான். அவனை எனக்குத் தெரியாதா. மருத்துவமனையில் படம் காட்டி விளக்கினார்களே, இங்கே கீறி, இப்படி எடுத்து, அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் சட்டையைத் தூக்கிக்கொண்டு அந்த இடத்தை விரலால் அளந்தது யார். பாதி உறக்கத்தில் கத்தி எழுந்தது யார். செல்வின் சொன்னதில் பாதி உண்மை என்பதுதான் முள். பயம் இருக்கிறது. வாய்க்குள் வைத்த செம்புக்காசு மாதிரிக் கசந்துகொண்டு எப்போதும் இருக்கிறது. லூர்து ஐந்து வயதில் கடல்கரையில் நண்டுக்குப் பயந்து அவன் தோளில் ஏறிக்கொண்டு, இறங்கமாட்டேன் என்று காதைப் பிடித்துக்கொண்டு வீடுவரைக்கும் வந்தாள், அன்றைக்கு அவளுக்கு எத்தனை எடை இருந்திருக்கும், பதினைந்து, பதினாறு, அந்த எடை தெரியவே இல்லை, இப்போது நாலே நாலு கிலோ, நாலு கிலோ மைதாவை ஒரு கையால் தூக்கி எறிகிறவன், என் மேலேயே இருக்கிற நாலு கிலோவை இறக்கிவைக்க முடியவில்லை. "என்னண்ணே, பாடம் ஒப்பிக்கியா? உதடு ஆடுது," என்றாள் லூர்து. "வயித்தைக் கேட்டுக்கிட்டிருக்கேன்." "என்ன சொல்லுது?" "பசிக்குதாம்." அவள் சிரித்தாள், சிரிக்கும்போது வீங்கின கண்ணிமை இரண்டும் முழுக்க மூடிக்கொண்டன. "எனக்கு வாய்ச்சிருக்கிறதப் பாரு. எங்க அங்கன்வாடியில ஒவ்வொரு மாசமும் பிள்ளையளத் தொட்டில்ல போட்டு எடை போட்டு, ஏறல, ஏறலன்னு தாய்மாரு கிட்ட ஏச்சு. இங்க இவ்வளவு பெரிய பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்து, எறங்கல, எறங்கலன்னு ஏச்சு வாங்கணும்." "ஏச்சு எனக்குத்தான." "எனக்குந்தான். ராத்திரியெல்லாம் உங்க வீட்டு மதினி என்னையத்தான் வையுறா, அவ புருசன் எளச்சுப் போனாராம்." அவள் மடியில் பாட்டில் இருந்தது, ஒரு நாளைக்கு அவ்வளவுதான் தண்ணீர் அவளுக்கு, மூடியில் ஊற்றி நாக்கை நனைத்துக்கொண்டு மூடினாள். உப்பு கூடாது, இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, அவளுக்கும் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். ஒரே வீட்டில் பிறந்த இரண்டு பேருக்கு இரண்டு தாள், ஒன்றில் கூடாது என்பது மற்றதில் கூடும், இரண்டு தாளையும் சேர்த்து ஒரு ஆளாக்கிவிடத்தான் இத்தனை பாடு.

பன்னிரண்டு. உள்ளே மேசைக்குப் பின்னால் இருந்த வஹிதா மேடத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது, தலையில் வெளிர்நீலத் துணி, மேசைமேல் ரப்பரில் செய்த இட்லி, ரப்பர்ச் சோறு, ரப்பர் முட்டை. உட்காருங்க அண்ணாச்சி என்று நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து பேனா நுனியால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். காலை, மதியம், இரவு என்று அச்சடித்துக் கொடுத்த தாளை அவன் ஒட்டவில்லை, அவனுக்கு ஏது காலை, ஏது இரவு, மணி போட்டு எழுதியிருந்தான், அதைப் பார்த்து அவள் தலையாட்டினாள். ஒவ்வொரு பக்கம் திரும்பும்போதும் தொம்மைக்குத் தன் வயிற்றைத் திறந்து பார்ப்பதுபோல் இருந்தது. "நல்ல சாப்பாடு," என்றாள் கடைசியில். "எல்லாச் சத்தும் இருக்கு. நான் எழுதிக் குடுத்தாக்கூட இதைவிடப் பெருசா மாத்தமாட்டேன்." தொம்மை லூர்துவைப் பார்த்தான், பார்த்தாயா என்பதுபோல. "ஆனா அண்ணாச்சி, இந்தச் சாப்பாட்டுக்கு நீங்க பாக்கிற வேலைக்கு எடை நிக்காது. எறங்கணும். நின்னுருக்குன்னா இதுல இல்லாதது என்னமோ உள்ள போகுது." அவள் மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் அது செல்வின் குரலில்தான் அவன் காதில் விழுந்தது. "நான் பொய் எழுதல மேடம்." "பொய்யின்னு சொல்லல." "பின்ன என்ன சொல்லுதீங்க? ஒரு கரண்டிப் பாயசத்த எழுதினவன். நான் வேலையில ஒரு பொருளத் தொடமாட்டேன். இருபத்திரண்டு வருசமா பேக்கரியில நிக்கேன், கேட்டுப் பாருங்க, கேக்கு ஒண்ணு, ரஸ்க்கு ஒண்ணு எடுத்து வாயில போட்டான் தொம்மைன்னு ஒருத்தன் சொல்லட்டும். நான் அடுப்பு ஆளு. வேக்காடு பாத்துத் தட்ட இறக்கி, பன்னப் பிட்டு, உள்ள வெந்திருக்கா, புளிப்பு ஏறியிருக்கா, உப்பு சரியான்னு ருசி பாத்து அனுப்பணும், என் நாக்கு சரின்னு சொன்னாத்தான் அந்த ஈடு வண்டியில ஏறும், இதுக்கு நடுவுல திங்கிறதுக்கு எனக்கு ஏது…" என்றவன் நின்றான். லூர்து அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேடமும் பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா நிமிர்ந்து நின்றது.

"ராத்திரிக்கு எத்தனை ஈடு அண்ணாச்சி?" "பதினாறு." "ஒரு ஈட்டுக்கு எவ்வளவு பிட்டு வாயில போடுவீங்க?" ஓரத்தில் ஒரு வாய், நடுவில் ஒரு வாய். ஓரம் வெந்தால் போதாது, நடு வேகவேண்டும். "அரை பன்னு இருக்கும்." "எட்டு பன்னு," என்றாள் லூர்து, அங்கன்வாடிக் கணக்கு அவளுக்கு வாயிலேயே இருக்கும், சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. "எண்ணே, எட்டு பன்னுண்ணே! ஒரு கரண்டிப் பாயசத்துக்கு வட்டம் போட்டிருக்கியே, எட்டு பன்ன எங்க வெச்சிருந்த?" எங்கே வைத்திருந்தேன். எங்கேயும் ஒளித்துவைக்கவில்லை. அது சாப்பாடு இல்லை, அது வேலை. தச்சன் இழைப்பைத் தடவிப் பார்க்கிறான், அவன் மரம் தின்றான் என்றா எழுதுவார்கள். இருபத்திரண்டு வருசமாக அந்த வாயில் போவது பசிக்குப் போனதே இல்லை, பசி இருக்கிறதா இல்லையா என்றுகூட அந்த நேரத்தில் தெரியாது, நாக்கு மட்டும் விழித்துக்கொண்டிருக்கும், தொண்டை தன்பாட்டுக்கு இறக்கிவிடும். அப்படியானால் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு அடம் பிடித்தவன் ஒருத்தனும் இல்லை, எட்டு பன்தான். ஒரு நிமிடம் அவனுக்கு அந்த மேசையைக் கவிழ்த்துவிட்டு நேரே போய்ச் செல்வின் சட்டையைப் பிடித்து, மனசில்லையாம் மனசு, மைதா மச்சான், மைதா என்று கத்தவேண்டும்போல் இருந்தது. அடுத்த நிமிடம் அதே சந்தேகம் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. ஏன் எழுதவில்லை. பாயசம் ஞாபகம் வந்த உனக்கு இது ஏன் வரவில்லை. மறந்தாயா, மறக்கவிட்டாயா. வரட்டும். எத்தனை சட்டை மாற்றிக்கொண்டு வேண்டுமானாலும் வரட்டும். பயம்தான். இருக்கிறது. யாரிடம் இல்லை என்று சொன்னேன். ஆசையாக, சிரித்துக்கொண்டே, ஆலயமணி அடிக்க ஒருத்தன் கொடுத்தால்தான் அந்தச் சிறுநீரகம் அவளுக்குள்ளே வேலை செய்யுமா. பயந்துகொண்டே கொடுத்தாலும் அது அதே வேலையைத்தான் செய்யும். மனசைக் கேட்டு இல்லை, ரத்தத்தைக் கேட்டுத்தான் அது சேர்கிறது. நடுங்குகிற கையால் கொடுத்தது கொடுத்ததில் சேராது என்று எந்தப் பைபிளில் போட்டிருக்கிறது. உள்ளே ஒருத்தன் மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அவனையும் சேர்த்துத்தான் மேசையில் படுக்கவைப்பேன்.

"வேலைய விட வேண்டாம்," என்றாள் வஹிதா மேடம். "ருசி பாருங்க. விழுங்காதீங்க. மென்னு பாத்துட்டுத் துப்பிருங்க." துப்பவா. தொம்மைக்கு அந்தச் சொல் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "ரொட்டியவா?" "ஆமா அண்ணாச்சி." அடுப்புக்கூடத்தில் தரையில் ஒரு துண்டு விழுந்தால் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மேடைமேல் வைப்பார்கள், கெட்டுப்போன மாவைக்கூட யாரும் சாக்கடையில் கொட்டமாட்டார்கள், குழி தோண்டித்தான் புதைப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் சாமியார் தூக்கிக் காட்டி நாக்கில் வைக்கிற அப்பமும் மாவும் தண்ணீரும் நெருப்பும்தானே, அதை வாங்கின நாக்கு இது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருத்தன் கரிந்த ரொட்டியைக் கடித்துவிட்டுத் தூவென்று துப்பினான், மேஸ்திரி அவனை அன்றைக்கே அனுப்பிவிட்டார், அழுதும் கேட்கவில்லை. "வேற ஒண்ணு சொல்லுங்க மேடம். இதுல பாதியக் குறைக்கேன், அந்தக் கூழ விட்டுருதேன், முட்டைய விட்டுருதேன்." "அதெல்லாம் விடக்கூடாது. இந்த நோட்டுல இருக்கிற எல்லாம் உங்களுக்கு வேணும். கீறின காயம் ஆற அதுதான் வேணும். இல்லாததத்தான் எடுக்கணும்." லூர்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது பாவம்தான், அவளும் அதே நாக்கால் வாங்கினவள்தான், வேண்டாம் என்று அவள் சொல்லவேண்டியதுதான் பாக்கி, சொல்லிவிட்டால் அவனுக்குத் தப்பிக்க வழி, அது இரண்டு பேருக்கும் தெரிந்தது. அவள் சொல்லவில்லை. மூடின கையை மூடினபடியே வைத்துக்கொண்டு, தரையிலிருந்த ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வாழ ஆசைப்படுகிறாள் என்று இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் தொம்மை பார்த்தான்.

வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. மருத்துவமனை வாசலுக்கு எதிரே டீக்கடை, ஆட்டோக்காரர்கள், நர்சுகள், தூக்குச்சட்டியோடு வந்த நோயாளி வீட்டுக்காரர்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் பன். "ஒரு பன்னு குடுங்க," என்றான் தொம்மை. "எண்ணே," என்றாள் லூர்து. அவன் பிட்டான். மேலே மினுமினுப்பு, உள்ளே இழை சரியாகப் பிரிகிறது, நன்றாகப் பிசைந்திருக்கிறான் எவனோ, நம்மைப்போல விழித்திருந்து. வாயில் போட்டான். இனிப்பு முதலில், பிறகு உப்பு, கடைசியில் லேசாகப் புளிப்பு, சரி, துப்பு, என்றான் தனக்குள், அதற்குள் தொண்டை இறக்கிவிட்டது. இருபத்திரண்டு வருசத்துத் தொண்டை. இன்னொரு வாய். இந்தத் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு, மென்றதை நாக்கின் மேலேயே நிறுத்திவைத்தான், எச்சில் ஊறி ஊறி வாய் நிறைந்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது, பட்டப்பகலில் பத்துப் பேர் பார்க்க, கடையோரக் குப்பைத்தொட்டிக்கு மேலே குனிந்து துப்பினான். வெள்ளையாக விழுந்தது. ஆட்டோவில் சாய்ந்திருந்த ஒரு கிழவர், "திங்கிற பொருள இப்படித் துப்புதாம் பாரு, கொழுப்பு," என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். லூர்து பக்கத்தில் வந்து, ஊசி குத்துகிற கையால் அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தி எட்டிப் பார்த்தார், முகம் சுருங்கிவிட்டது அவருக்கு.

"என்ன அண்ணாச்சி, பன்னு நல்லாயில்லியா?"

"நல்லாத்தான் இருக்கு," என்று தொம்மை அடுத்த துண்டைப் பிட்டான்.